தாய்லாந்தின் கால்வாய்ப் படகுப் பயணங்கள்

தாய்லாந்தின் நடுச் சமவெளியில் ஆறுகளையும் ஊர்களையும் இணைக்கும் கால்வாய்கள் தாய் மொழியில் 'குலோங்' எனப்படுகின்றன. இவற்றுள் பல இயற்கையாக அமைந்தவை அல்ல. ஐந்து நூற்றாண்டுகளாக மனிதர் மண்வெட்டியால் வெட்டியவை. தொடர்வண்டியும் தார்ச்சாலையும் வருவதற்கு முன் அந்தச் சமவெளியில் நெடுந்தொலைவு செல்ல வேண்டும் என்றால் படகில்தான் ஏற வேண்டும். பல நாள் நீளும் அப்பயணத்தில் படகே வீடு, அதுவே அடுக்களை, அதுவே படுக்கை. இன்று சுற்றுலாப் பயணிகள் ஓய்வுக்காக மேற்கொள்ளும் இந்த மெதுவான பயணம், அன்று அரசர், படைவீரர், துறவி, வணிகர், உழவர் ஆகிய அனைவருக்கும் வாழ்க்கைத் தேவையாக இருந்தது.

இக்கால்வாய்கள் யாரால், எதற்காக வெட்டப்பட்டன என்பதை அறிந்தால் தாய்லாந்தின் வரலாற்றில் பெரும்பகுதி விளங்கும். சாலையாக அவற்றின் பயன் குறைந்த பின்னும் நீர்வழியாக அவற்றின் தேவை குறையவில்லை. இதை 2011ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்நாட்டுக்கு உணர்த்தியது.

சமவெளியின் அமைப்பு

வடக்கு மலைகளிலிருந்து இறங்கும் பிங், நான் ஆகிய ஆறுகள் நக்கோன் சவான் என்னும் ஊரில் கூடுகின்றன. அங்கிருந்து சாவோ பிரயா என்ற பெயர் பெறும் ஆறு ஏறத்தாழ 372 கி.மீ. ஓடித் தாய்லாந்து வளைகுடாவில் கலக்கிறது. வழியில் சாய் நாட் என்னும் இடத்தில் தா சின் ஆறு அதிலிருந்து பிரிந்து தனியே கடலுக்குச் செல்கிறது. மேற்கே மேக்லோங், கிழக்கே பாங் பகோங் என மேலும் இரண்டு ஆறுகள் உள்ளன.

இந்த நான்கு ஆறுகளும் இறுதியில் தெற்கு நோக்கிச் சென்றே கடலை அடைகின்றன. ஆகவே வடக்கிலிருந்து தெற்கே செல்ல இயற்கையே வழி அமைத்துத் தந்தது. கிழக்கிலிருந்து மேற்கே செல்ல அப்படி வழி இல்லை. கடல் வழியாகச் சுற்றிப் போகலாம். ஆனால் சிறு படகுகளுக்கு அது ஆபத்து. எனவே ஓர் ஆற்றுக்கும் அடுத்த ஆற்றுக்கும் இடையே குறுக்குக் கால்வாய் வெட்டுவதே அரசுகளின் நீண்டகாலப் பணியாக இருந்தது.

நிலம் மிகவும் தட்டையானது. கடலிலிருந்து வெகு தொலைவில் உள்ள அயூத்தியா நகரம்கூடக் கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் உயரத்தில்தான் உள்ளது. மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். அதன் இறுதியில் ஆறுகள் கரை கடந்து வயல்களை மூழ்கடிக்கும். மக்கள் தூண்கள் மேல் வீடு கட்டினர். நீர்மட்டம் உயர உயரத் தண்டு நீண்டு வளரும் 'மிதவை நெல்' வகைகளைப் பயிரிட்டனர். வெள்ளம் அவர்களுக்கு ஆண்டுதோறும் வரும் விருந்தாளி. அதற்கு இடம் விட்டே வாழ்க்கையை அமைத்துக்கொண்டனர்.

ஊர்ப் பெயர்களும் இதைக் கூறுகின்றன. 'பாங்' என்று தொடங்கும் பெயர்கள் நீர்க்கரைக் குடியிருப்பைக் குறிப்பவை; பாங்காக், பாங் பா-இன் ஆகியவை எடுத்துக்காட்டு. 'பாக் குலோங்' என்றால் கால்வாயின் வாய். பாலி, வடமொழி வழி வந்த பெயர்களைத் தமிழ் வாசகர் எளிதில் அடையாளம் காணலாம். நக்கோன் சவான் என்பது 'சுவர்க்க நகரம்'. சமுத் சாக்கோன், சமுத் சொங்க்ராம், சமுத் பிராகான் ஆகிய கடலோர ஊர்களின் பெயரில் உள்ள 'சமுத்', சமுத்திரமே.

அயூத்தியா காலக் கால்வாய்கள்

1351 முதல் 1767 வரை தலைநகராக விளங்கிய அயூத்தியா மூன்று ஆறுகள் சூழ்ந்த ஒரு தீவு. நகருக்குள்ளும் தெருக்களுக்கு இணையாகக் கால்வாய்கள் ஓடின. கடலிலிருந்து வரும் வணிகக் கப்பல்கள் சாவோ பிரயாவின் வளைவுகளைக் கடந்தே நகரை அடைய வேண்டும். சமவெளியில் ஆறு பாம்பைப் போல் நெளிந்து ஓடியது. ஒரு வளைவைச் சுற்றிவரப் பல மணி நேரம் ஆனது. வளைவின் இரு முனைகளுக்கும் இடையே இருந்த நிலமோ மிகக் குறுகியது.

16ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆண்ட சாய்ராச்சா மன்னர் இத்தகைய வளைவு ஒன்றின் கழுத்தில் குறுக்குக் கால்வாய் வெட்டச் செய்தார். ஆற்றுநீர் குறுகிய வழியையே நாடும். அதனால் புதிய கால்வாயில் நீரோட்டம் வலுத்து, கரைகள் அரித்து, நாளடைவில் அதுவே ஆறாக மாறியது. பழைய ஆறு சுருங்கிக் கால்வாய் ஆயிற்று. இன்று பாங்காக் நோய், பாங்காக் யாய் என வழங்கும் கால்வாய்கள் அந்தப் பழைய ஆற்றின் தடமே. பாங்காக்கின் அரண்மனையும் எதிர்க்கரையில் உள்ள வாட் அருண் கோயிலும் மனிதர் வெட்டிய அந்தக் கால்வாயின் இரு கரைகளில் நிற்கின்றன. அங்கே படம் எடுக்கும் பலர் அதை இயற்கை ஆறு என்றே எண்ணுகின்றனர்.

1722இல் தாய் சா மன்னர் காலத்தில் வெட்டப்பட்ட மற்றொரு குறுக்குக் கால்வாயால் கோ கிரெட் என்ற தீவு உருவானது. பின்னாளில் அங்குக் குடியேறிய மோன் இன மக்களின் மண்பாண்டங்கள் இன்றும் புகழ்பெற்றவை.

இக்காலத்துப் பயணத்தின் இடரைக் கூறும் கதை ஒன்று தாய்லாந்துப் பள்ளிக் குழந்தைகள் அனைவரும் அறிந்தது. 'புலி மன்னர்' எனப்பட்ட சான்பெட் VIII (1703–1709) கோக் காம் என்னும் கால்வாயில் சென்றபோது, கூரிய வளைவு ஒன்றில் அரசப் படகின் அணியம் மரக்கிளையில் மோதி முறிந்தது. அரசப் படகைச் சேதப்படுத்தினால் சுக்கான் பிடிப்பவருக்கு மரண தண்டனை என்பது சட்டம். சுக்கான் பிடித்த பான் தாய் நோராசிங்கை மன்னர் மன்னித்தார். அவரோ, தமக்காகச் சட்டம் வளையக் கூடாது எனக் கூறித் தண்டனையை வேண்டிப் பெற்றார் என்பர். அதன்பின் மன்னர் அவ்வளைவுகளைத் தவிர்க்க நேரான கால்வாய் ஒன்றை வெட்ட ஆணையிட்டார். அதுவே மகாசாய் கால்வாய். அது அடுத்த ஆட்சியில் நிறைவுற்றது. பான் தாய் நோராசிங்குக்குச் சமுத் சாக்கோனில் கோயில் உண்டு. கதையில் எவ்வளவு உண்மை இருப்பினும், ஒரு கால்வாய் நேராக இருப்பது உயிருக்குச் சமமான செய்தி என மக்கள் கருதினர் என்பது அதனால் புலனாகிறது.

வெட்டும் பணியைச் செய்தவர்கள் குடிமக்கள். ஆண்டின் ஒரு பகுதியை ஊதியமின்றி அரசுப் பணிக்குத் தர வேண்டிய கட்டாய உழைப்பு முறை அக்காலத்தில் நிலவியது. மழையற்ற மாதங்களில் ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு வந்து மண் அள்ளினர்.

பாங்காக் காலம்: படை, வழிபாடு, வணிகம்

1767இல் அயூத்தியா பர்மியப் படையால் அழிந்தது. 1782இல் பாங்காக் தலைநகரானது. முதலாம் ராமா மன்னர் அயூத்தியாவைப் போலவே புதிய நகரையும் நீரால் சூழச் செய்தார். நகர்ச் சுற்றுக் கால்வாயோடு மகாநாக் என்னும் கால்வாயும் வெட்டப்பட்டது. வெள்ளக் காலத்தில் மக்கள் படகில் கூடிப் பாட்டுப்பாடி மகிழ அயூத்தியாவில் இதே பெயரில் ஒரு கால்வாய் இருந்தது. இழந்த நகரின் நினைவாக அப்பெயரே இதற்கும் இடப்பட்டது.

19ஆம் நூற்றாண்டில் கட்டாய உழைப்புக்குப் பதிலாகக் கூலி பெறும் சீனத் தொழிலாளர்கள் இப்பணிக்கு மிகுதியாக அமர்த்தப்பட்டனர். அக்காலத்தில் வெட்டப்பட்ட பெரிய கால்வாய்களின் நோக்கங்கள் வெவ்வேறானவை.

சேன் சேப் (1837–1840): கம்போடியா தொடர்பாகச் சயாமுக்கும் வியட்நாமுக்கும் போர் நடந்தபோது, படையையும் உணவையும் கிழக்கே அனுப்ப மூன்றாம் ராமா இதனை வெட்டச் செய்தார். மகாநாக் கால்வாயின் தொடர்ச்சியாகச் சென்று பாங் பகோங் ஆற்றை இது அடைகிறது. போர் முடிந்த பின் இதன் கரைகள் வயல்களாயின. பட்டாணிப் பகுதியிலிருந்து போர்க் கைதிகளாகக் கொண்டுவரப்பட்ட மலாய் முஸ்லிம்கள் இதன் கரைகளில் குடியேறினர். இன்றும் இக்கால்வாய் நெடுகப் பள்ளிவாசல்களைக் காணலாம்.

மகா சவாத் (1860): நக்கோன் பாத்தோமில் உள்ள பிர பாத்தோம் சேதி என்னும் பெரிய பௌத்தத் தூபியை நான்காம் ராமா புதுப்பித்தார். அங்குச் செல்ல நேர்வழியாக இக்கால்வாய் அமைந்தது. நீளம் ஏறத்தாழ 28 கி.மீ. வழிப்போக்கர் தங்கக் கரையில் 'சாலா' எனப்படும் மண்டபங்கள் கட்டப்பட்டன. அவற்றுள் ஒன்றில் மருந்துக் குறிப்புகள் எழுதி வைக்கப்பட்டதால் அதற்குச் 'சாலா யா' (மருந்து மண்டபம்) என்று பெயர். மண்டபம் மறைந்தும் பெயர் நிலைத்தது. இன்று அந்தச் சாலாயாவில்தான் மருத்துவக் கல்விக்குப் பெயர்பெற்ற மகிடோல் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் உள்ளது.

பாசி சாரோன் (1872), தம்னோன் சாதுவாக் (1868): இவ்விரண்டும் சேர்ந்து பாங்காக்கைத் தா சின் ஆற்றோடும், அதனை மேக்லோங் ஆற்றோடும் இணைத்தன. பிந்தையது 32 கி.மீ. நீளம் கொண்டது, அதன் பெயருக்கு 'வசதியான பயணம்' என்று பொருள். முன்னதன் பெயரில் உள்ள 'பாசி' என்பது வரி. அபினி வரிப் பணம் அதற்குச் செலவிடப்பட்டது. மேற்குப் பகுதியின் கரும்புச் சர்க்கரையும் காய்கனியும் தலைநகருக்கு விரைந்து வருவதே நோக்கம்.

பிரேம் பிரசாகோன் (1870): ஐந்தாம் ராமாவான சுலலாங்கோர்ன் ஆட்சியில் வெட்டப்பட்ட முதல் கால்வாய். பாங்காக்கிலிருந்து பாங் பா-இன் வரை ஏறத்தாழ 50 கி.மீ. நேராகச் சென்று அயூத்தியாப் பயணத்தைச் சுருக்கியது.

பல நாள் பயணம் நடந்த முறை

கால்வாய்ப் பயணத்தின் வேகத்தை முடிவு செய்தது துடுப்பு மட்டுமன்று, கடல் ஓதமும்தான். கடலின் ஏற்றம் ஆறுகள் வழியே வெகுதூரம் உள்ளே வரும். படகோட்டிகள் வற்றத்தோடு ஆற்றில் இறங்கி, ஏற்றத்தோடு கால்வாய்க்குள் நுழைவர். ஓதம் திரும்பும்வரை கால்வாயின் வாயில் காத்திருப்பர். அப்படிப் பல படகுகள் காத்திருந்த இடங்களில் கடைகளும், பின்னர்ச் சந்தைகளும் தோன்றின. படகுச் சந்தைகள் பல கால்வாய்கள் சந்திக்கும் இடங்களில் அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு ஆறுகளை இணைக்கும் கால்வாயில் ஏற்றநீர் இரு முனைகளிலிருந்தும் உள்ளே வரும். இரண்டும் நடுவழியில் சந்திக்கும்போது நீரோட்டம் நின்று வண்டல் படியும். எனவே கால்வாயின் நடுப்பகுதி எப்போதும் ஆழம் குறைந்தது. கோடையில் அங்கே படகு சேற்றில் தட்டும். அடுத்த ஏற்றம் வரும்வரை படகிலேயே சமைத்து உண்டு உறங்க வேண்டியதுதான். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தூர் வாராவிட்டால் கால்வாய் பயனற்றுப்போகும்.

தொலைவை அளக்கக் கரையில் கற்கள் நடப்பட்டன. தாய் அளவையில் ஒரு 'சேன்' 40 மீட்டர். 100 சேன் 4 கி.மீ. தம்னோன் சாதுவாக் கால்வாயின் 'லாக் ஹா' (ஐந்தாம் கல்) போன்ற பெயர்கள் இன்று ஊர்ப் பெயர்களாகவே நிலைத்துவிட்டன.

படகுகளும் வகை வகையானவை. ஒற்றை மரத்தைக் குடைந்த 'மாட்' படகு, சீனர் வழி வந்த சம்பான், ஓலைப்பாய்க் கூரையும் உருண்டை வயிறும் கொண்ட 'கிரசேங்' என்னும் நெற்படகு ஆகியவை முதன்மையானவை. நெற்படகில் ஒரு குடும்பமே பிறந்து வளர்ந்து வாழ்ந்தது. துடுப்பாளர் பின்புறம் நின்று, முன்னே பார்த்தபடி நீண்ட துடுப்பைத் தள்ளுவார். ஆண், பெண் இருபாலரும் துடுப்புப் போட்டனர்.

இரவில் படகைக் கோயில் துறையில் கட்டுவது வழக்கம். நீர்க்கரைக் கோயில்களின் முகப்பு நீரை நோக்கியே இருக்கும். படித்துறையும் மண்டபமும் வழிப்போக்கருக்குப் பொது. விடியற்காலையில் துறவிகள் சிறு படகில் வந்து பிச்சை ஏற்பர். அதன் பின் காய்கறி, மீன், சமைத்த உணவு விற்கும் படகுகள் வரும். இன்று பாங்காக் உணவகங்களில் விற்கப்படும் 'படகு நூடுல்ஸ்' அவ்வாறு படகில் விற்கப்பட்ட உணவே.

மகிழ்ச்சிக்கான பயணம் என்று ஒன்று உண்டென்றால் அது கத்தின் விழாக் காலத்தில் நடந்தது. துறவிகளின் மழைக்கால நோன்பு முடிந்ததும் ஒரு மாத காலம் அவர்களுக்குப் புத்தாடை வழங்கும் விழா அது. அக்டோபர், நவம்பரில் வரும் அவ்விழாவின்போது நீர் நிறைந்திருக்கும், அறுவடை தொடங்கியிராது. ஊர் கூடிப் படகேறித் தொலைவில் உள்ள கோயிலுக்குச் செல்லும். ஆண்கள் ஒரு படகிலும் பெண்கள் ஒரு படகிலும் இருந்து எதிர்ப்பாட்டுப் பாடும் 'பிளேங் ருவா' (படகுப் பாட்டு) அந்நாட்களில்தான் ஓங்கி ஒலித்தது.

தாய் இலக்கியத்தில் 'நிராத்' என்னும் பயணப் பாடல் வகை இப்பயணங்களோடு இணைந்தது. பிரிவின் ஏக்கத்தோடு செல்லும் கவிஞர், வழியில் எதிர்ப்படும் ஒவ்வோர் ஊரின் பெயரையும் தம் நிலையோடு பொருத்திப் பாடுவார். சுந்தோன் பூ (1786–1855) இவ்வகையில் தலைசிறந்தவர். பாங்காக்கிலிருந்து அயூத்தியாவுக்குப் படகில் சென்றதைப் பாடும் அவருடைய 'நிராத் பூகாவ் தோங்' தாய்லாந்துப் பள்ளிகளில் பாடமாக உள்ளது. படகின் மெதுவான வேகமே ஊருக்கு ஊர் நின்று பாட இடம் தந்தது.

மன்னரின் 1904ஆம் ஆண்டுப் பயணம்

1903இல் பாங்காக்கின் மேற்குக் கரையிலிருந்து பெச்சபுரி வரை தெற்குத் தொடர்வண்டிப் பாதை திறக்கப்பட்டது. கால்வாயில் பல நாள் எடுத்த தொலைவு சில மணி நேரமாகக் குறைந்தது. அப்பாதையை அமைத்த சுலலாங்கோர்ன் மன்னரே அடுத்த ஆண்டு, 1904 ஜூலையில், அதே மேற்குப் பகுதிக்குப் படகில் சென்றார்.

அப்போது அவர் உடல்நலம் குன்றியிருந்தார். பயணம் செய்து ஓய்வெடுக்குமாறு மருத்துவர்கள் கூறியிருந்தனர். அரச மரியாதைகள் எதுவும் வேண்டாம், தாம் யார் என்று யாருக்கும் தெரிய வேண்டாம் என்பது மன்னரின் விருப்பம். சிலருடன் சாதாரணப் படகில் கால்வாய்களுக்குள் சென்றார். துணைக்கு வாங்கிய படகு ஒன்றைப் பார்த்துக்கொண்டவர் பெயர் ஓன். 'தா ஓன் படகு' என விரைந்து சொல்லச் சொல்ல அது 'தோன் படகு' ஆயிற்று. அதனால் இத்தகைய பயணங்களுக்கே 'பிரபாத் தோன்' என்ற பெயர் ஏற்பட்டது. உடன் சென்ற இளவரசர் தம்ரோங், புனைபெயரில் எழுதிய கடிதங்களாக இப்பயணத்தைப் பதிவு செய்துள்ளார்.

அப்பதிவில் உள்ள நிகழ்ச்சிகளுள் புகழ்பெற்றது தம்னோன் சாதுவாக் பகுதியில் நடந்தது. அங்குக் கால்வாய்க் கரையில் இருந்த ஒரு வீட்டுப் பெண், வந்தவர்கள் யாரென அறியாமலே அவர்களை உணவுக்கு அழைத்தார். அவர் மகன் ஹுவாட் மன்னரின் முகத்தையே உற்றுப் பார்த்தார். பிறகு, தங்கள் வீட்டில் வழிபாட்டு மேடையில் வைத்திருக்கும் படத்தில் உள்ளவரைப் போலவே இவர் இருக்கிறாரே என்று கூறி அடையாளம் கண்டுகொண்டார். இவ்வாறு வழியில் பழகியவர்களை மன்னர் 'தோன் நண்பர்கள்' என்று அழைத்தார். அவர்கள் தலைநகருக்கு வந்தால் வரவேற்பதற்காகத் துசித் அரண்மனை வளாகத்தில் நாட்டுப்புறப் பாணியில் மரவீடு ஒன்றைக் கட்டச் செய்தார். 'ருவான் தோன்' எனப்படும் அது இன்றும் உள்ளது.

கால்வாய்ப் பயண வரலாற்றில் இது ஒரு திருப்பம். விரைவான வழி கைக்கு எட்டிய பிறகு ஒருவர் தாமாக விரும்பி மெதுவான வழியைத் தேர்ந்தெடுத்த பயணம் இது. தொடர்வண்டியின் சாளரத்திலிருந்து பார்த்தால் தெரியாத குடிமக்களின் வாழ்க்கையை, அவர்களின் கடனையும் வரியையும் அதிகாரிகளின் நடத்தையையும், படகில் சென்றவரால் அருகில் காண முடிந்தது.

ரங்சித்: நெல்லுக்காக வெட்டப்பட்ட வலைப்பின்னல்

1855இல் பிரிட்டனுடன் ஏற்பட்ட பௌரிங் உடன்படிக்கைக்குப் பின் சயாமின் அரிசி உலகச் சந்தைக்குச் சென்றது. கால்வாயின் நோக்கமும் மாறியது. அதுவரை வழிக்காக வெட்டினர், இனி வயலுக்காக வெட்டினர். 1888இல் ஒரு தனியார் நிறுமத்துக்குப் பாங்காக்கின் வடகிழக்கே பரந்த தரிசு நிலத்தில் கால்வாய் வெட்டி, கரை நிலங்களை விற்கும் 25 ஆண்டு உரிமை வழங்கப்பட்டது. 1890இல் பணி தொடங்கியது. மண்வெட்டியோடு நீராவித் தோண்டு எந்திரங்களும் பயன்பட்டன. முதன்மைக் கால்வாய்க்கு மன்னரின் மகன் ரங்சித்தின் பெயர் இடப்பட்டது. சாவோ பிரயாவிலிருந்து நக்கோன் நாயோக் ஆறு வரை சென்ற அதன் இரு முனைகளிலும் நீர்மட்டத்தைக் காக்கும் பூட்டு மதகுகள் அமைந்தன. கிளைக் கால்வாய்களுக்கு எண்களே பெயர். 'ஒன்றாம் கால்வாய்' முதலான அப்பெயர்கள் இன்று பேருந்து நிறுத்தங்களாக உள்ளன.

1902இல் இப்பகுதியில் இரு நகரங்களுக்குப் பெயர் சூட்டப்பட்டது. ஒன்று தன்யபுரி, மற்றொன்று மீன்புரி. முன்னது தானியத்தின் ஊர். பின்னது மீனின் ஊர். தமிழ் வாசகருக்கு இவற்றை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. வயலில் நெல், வாய்க்காலில் மீன் என்னும் செழிப்பின் இலக்கணம் இரு பெயர்களிலும் அடங்கியுள்ளது.

இச்செழிப்புக்கு விலையும் உண்டு. கரை நிலங்களில் பெரும்பகுதி அரச குடும்பத்தார், உயர்குடியினர், பணம் படைத்தோர் கைக்குச் சென்றது. முன்பே அங்குப் பயிரிட்டுவந்தோரும் புதிதாக வந்தோரும் குத்தகைதாரர் ஆயினர். நில உரிமை வழக்குகள் பெருகின. யானைக் கூட்டங்கள் திரிந்த புல்வெளி மறைந்தது. நடுச் சமவெளியின் சதுப்புப் புல்வெளிகளில் மட்டும் வாழ்ந்த ஷொம்பர்க் மான், அதன் வாழிடம் நெல்வயலாக மாறியதாலும் வேட்டையாலும் 1930களில் முற்றிலும் அழிந்தது.

மற்றொரு தீங்கு அழகின் வடிவில் வந்தது. 1901இல் ஜாவாவிலிருந்து அரண்மனைக் குளத்துக்காகக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை, வெள்ளத்தில் வெளியேறிக் கால்வாய்களை அடைத்தது. தாய் மொழியில் அதன் பெயர் 'ஜாவாப் பூண்டு' என்னும் பொருள் தருவது. அதை ஒழிக்க 1913இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. ஒழிப்பு இன்றுவரை முடியவில்லை.

சாலையும் அணையும்

பாங்காக்கின் முதல் நவீனச் சாலையான சாரோன் குருங் 1860களில் அமைந்தது. குதிரை வண்டியில் செல்ல வழியில்லை என வெளிநாட்டுத் தூதர்கள் முறையிட்டதே அதற்குக் காரணம். 1896இல் அயூத்தியாவுக்குத் தொடர்வண்டி ஓடியது. எனினும் கிராமப்புறத்தில் படகின் ஆட்சி 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்தது. கார் எந்திரத்தை நீண்ட தண்டோடு பொருத்திய 'ஹாங் யாவ்' (நீள்வால்) படகுகள் துடுப்பின் இடத்தைப் பிடித்தன.

நெதர்லாந்துப் பொறியாளர் ஹோமன் வான் டெர் ஹைட 1903இல் சாய் நாட்டில் பெரிய அணை ஒன்றைக் கட்டத் திட்டம் தந்தார். பணமின்மையால் அது கிடப்பில் போடப்பட்டது. உலக வங்கிக் கடனுதவியோடு சாவோ பிரயா அணை 1957இல்தான் நிறைவுற்றது. வடக்கே பிங் ஆற்றில் பூமிபோல் அணை 1964இல் திறக்கப்பட்டது. இவற்றால் கோடைப் போகமும் விளைந்தது. ஆண்டு வெள்ளமும் தணிந்தது. ஆனால் மதகுகள் பல கால்வாய்களில் படகுகளின் போக்கைத் தடுத்தன. கரைமேல் சாலை வந்ததும் வீடுகள் முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டன. கால்வாய் வீட்டின் பின்புறமாயிற்று. பின்புறத்தில் குப்பை சேர்ந்தது. பாங்காக்கில் பல கால்வாய்கள் தூர்க்கப்பட்டுத் தெருக்களாயின.

2011 வெள்ளமும் இன்றைய நிலையும்

2011 ஜூலை முதல் அடுத்த ஆண்டுத் தொடக்கம் வரை நீடித்த வெள்ளத்தில் 800க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உலக வங்கியின் மதிப்பீட்டின்படிச் சேதமும் இழப்பும் சேர்ந்து 1.4 டிரில்லியன் பாட். அயூத்தியா, பாத்தும் தானி மாவட்டங்களில் பழைய வெள்ள வயல்கள்மேல் எழுந்த தொழிற்பேட்டைகள் வாரக்கணக்கில் நீரில் நின்றன. ரங்சித் கால்வாய்ப் பகுதி பாங்காக்கைக் காக்கும் போராட்டத்தின் எல்லைக்கோடாக மாறியது. பெருமழையும் அணை நிருவாகமும் காரணங்களாகப் பேசப்பட்டன. நீர் செல்ல வெட்டிய வழிகள் குறுகியும் அடைபட்டும் கிடந்ததும் அப்போது வெளிப்பட்டது.

பழைய அறிவு மீண்டும் பயன்பட்டதற்குச் சான்றும் உண்டு. பாங்காக்கின் தெற்கே பாங் கிரசாவ் வளைவில் ஆறு 18 கி.மீ. சுற்றுகிறது. அதன் கழுத்தில் உள்ள லாட் போ என்னும் பழைய குறுக்குக் கால்வாய் ஏறத்தாழ 600 மீட்டர்தான். ஒரு காலத்தில் உப்புநீர் விரைந்து உள்ளே வந்ததால் அது அடைக்கப்பட்டது. இக்காலத்தில் அது அகலப்படுத்தப்பட்டு மதகுகள் அமைக்கப்பட்டது. வெள்ளம் வரும்போது வற்றநேரத்தில் திறந்து நீரைக் கடலுக்கு விரைந்து வடிக்கின்றனர். ஏற்றநேரத்தில் மூடுகின்றனர்.

சேன் சேப் கால்வாயில் 1990 முதல் பயணிகள் படகு ஓடுகிறது. சாலை நெரிசலைத் தவிர்க்க நாள்தோறும் பல்லாயிரவர் அதில் வேலைக்குச் செல்கின்றனர். மேற்கே அம்பாவா படகுச் சந்தை 2004இல் உள்ளூர் முயற்சியால் புத்துயிர் பெற்றது. மகா சவாத் கரையில் தாமரைத் தோட்டங்களையும் பழத்தோட்டங்களையும் காட்டும் படகுகளை அவ்வூர் மக்களே நடத்துகின்றனர். பாங்காக்குக்கும் அயூத்தியாவுக்கும் இடையே, புதுப்பித்த பழைய நெற்படகுகளில் இரண்டு, மூன்று நாள் பயணம் செய்யவும் வாய்ப்புண்டு.

இப்பயணங்களில் செல்வோர் காணும் அமைதியான நீர்ப்பரப்புக்குப் பின்னால், ஊதியமின்றி மண் அள்ளிய குடிமக்களின் உழைப்பும், கூலிக்கு வந்த சீனரின் உழைப்பும், கரையில் குடியேற்றப்பட்ட மலாய், மோன் மக்களின் வாழ்வும் உள்ளன. ஐந்தாம் கல், மருந்து மண்டபம், மீன்புரி, தன்யபுரி என அவற்றின் நினைவு ஊர்ப் பெயர்களில் நிற்கிறது. பெயர்கள் தாமாக நிலைத்துவிடும். கால்வாய்களைத் தொடர்ந்து தூர் வாரினால்தான் அவை நிலைக்கும்.